முதலில் கமா

அப்பா எண்களைச் சொல்லும்போது கமாவையும் சேர்த்தே சொல்வார். "ஒண்ணு, கமா, ரெண்டு அஞ்சு, கமா, மூணு சைபர்." ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் அவர் கணக்குப்பிள்ளையாக இருந்த காலம் அது. டிரங்க் கால் கிடைத்து, மறுமுனையில் யாரோ பேனாவும் கையுமாகக் காத்திருப்பார்கள். அப்பா கறுப்பு ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு கமாவுக்கும் ஆள்காட்டி விரலால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவார். மறுமுனையில் இருப்பவருக்கு அந்தத் தட்டு கேட்காது. இருந்தாலும் தட்டுவார்.

போன வருஷம், கோயம்புத்தூரில், ஒரு மழைநாள் மத்தியானம் அந்தச் சத்தம் மறுபடி வந்தது. எண்களை வடிவமைத்துத் தரும் ஒரு சின்ன மென்பொருள் டூலுக்கு விளக்கம் எழுத உட்கார்ந்திருந்தேன். மென்பொருளுக்குக் கையேடு எழுதுவதுதான் இருபத்தைந்து வருஷமாக என் பிழைப்பு. பில்லிங், சம்பளப் பட்டியல், கிடங்குக் கணக்கு என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். அவற்றையெல்லாம் படித்தது மனுஷர்கள். புரியாவிட்டால் போன் செய்வார்கள், பக்கத்து மேஜைக்காரரைக் கேட்பார்கள், கையேட்டை மூடிவைத்துவிட்டுத் தாங்களே பழகிக்கொள்வார்கள். இந்த டூலின் விளக்கத்தைப் படிக்கப்போவது ஒரு ஏஐ ஏஜென்ட்.

ஏஜென்ட் என்றால், வேலை செய்வதற்குச் சில கருவிகளும் கொடுக்கப்பட்ட மொழி மாதிரி (லாங்வேஜ் மாடல்). ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், நாலைந்து வரி விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்கிற பட்டியல். 2023 ஜூனில் ஓபன்ஏஐ இப்படிக் கருவிகளை அழைக்கும் வசதியை வெளியிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் இதற்கு ஒரு பொது நெறிமுறையையே வெளியிட்டது. மாதிரிக்குக் கருவியின் உள்ளே இருக்கும் நிரல் தெரியாது. அதற்குக் கிடைப்பது அந்த நாலைந்து வரிகள் மட்டும். உள்ளே எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும் அந்த வரிகள் பிசகினால் எல்லாம் பிசகும்.

டூலின் வேலை எளிது. 125000 என்று கொடுத்தால் ₹1,25,000 என்று தரும். ஜெர்மனிக்கு என்றால் 125.000 என்று தரும். அங்கே ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, பைசாவைப் பிரிப்பது கமா. கேட்டால் எண்ணை எழுத்தாலும் தரும். இதற்கு என்ன பெரிய விளக்கம் வேண்டியிருக்கிறது என்று நினைத்து ஒரே வரியில் எழுதினேன்: எண்ணைப் படிக்க வசதியான வடிவத்துக்கு மாற்றித் தரும்.

மறுநாள் சோதனை ஓட்டத்தின் முடிவுகள் வந்தன. ஏஜென்ட் ஒரு வாடிக்கையாளருக்குக் கடிதம் தயாரித்திருந்தது. தொகை சரியாக இருந்தது. ஆனால் ஈரோட்டின் பின்கோடு 6,38,001 ஆகியிருந்தது. பில் எண்ணுக்குள் இரண்டு கமா. கைபேசி எண் நூற்றுக்கணக்கான கோடிகளில் நின்றது. "2,024-ஆம் ஆண்டு மார்ச் மாதம்" என்றிருந்தது. பூஜ்யத்தில் தொடங்கிய ஒரு கணக்கு எண், முன்னால் இருந்த பூஜ்யங்களை இழந்துவிட்டிருந்தது. ஏஜென்ட் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணைப் படிக்க வசதியாக மாற்றித் தரும் என்று நான் சொல்லியிருந்தேன். எண் மாதிரி தெரிந்ததையெல்லாம் அது கொண்டுபோய்க் கொடுத்தது. பின்கோடு எண்ணே இல்லை, இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர் என்று யார் அதற்குச் சொன்னார்கள்?

நான் அஞ்சாம் வகுப்பு படித்தபோது மண்டியின் இரும்புக் கதவில் அப்பாவின் வலது கைவிரல் நசுங்கிவிட்டது. இரண்டு வாரம் கட்டு. பள்ளிக்கூடம் விட்டதும் மண்டிக்குப் போய் அவருக்காக எழுதுவேன். மஞ்சள் மூட்டைகளின் வாசனையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. மண்ணும் கற்பூரமும் கலந்த மாதிரி ஒன்று தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம் என்று அடுக்கியிருப்பார்கள். நடுவில் அப்பாவின் சாய்வு மேஜை. அன்றைக்கு பேங்க் செலான் எழுதச் சொன்னார். "ஒரு லட்சத்து இருபத்தஞ்சாயிரம்."

எழுதினேன். ஒரு லட்சத்துக்கு 100000. பக்கத்திலேயே இருபத்தைந்தாயிரத்துக்கு 25000. சொன்னதைச் சொன்னபடிதான் எழுதியிருந்தேன். அப்பா பார்த்தார். செலானைக் கிழிக்கவில்லை. பின்பக்கம் திருப்பி, பழக்கமில்லாத இடது கையால், கோணலாக ஒரு கோடு போட்டார். பிறகு ஒரு கமா, இரண்டு கோடு, ஒரு கமா, மூன்று கோடு.

"முதல்ல கமாவப் போட்டுரோணும் அம்மிணி. அது செவுரு. அப்பறந்தான் ஆளக் குடி வெக்கறது. லட்சத்து வீட்டுல எத்தன பேரு?"

"ஒருத்தரு."

"ஆயிரத்து வீட்டுல?"

"இருவத்தஞ்சு."

"கடைசி வீட்டுல?"

"யாருமில்லீங்கப்பா."

"யாருமில்லீனா வீட்ட இடிச்சுப்போடுவியா? சைபரப் போட்டுப் பூட்டு."

மூன்று பூட்டுப் போட்டேன். 1,25,000. அப்படித்தான் எனக்கு எண் எழுத வந்தது. இன்றும் பெரிய தொகை எழுத வேண்டி வந்தால் மனசில் முதலில் சுவர்கள்தான் எழும்புகின்றன.

அந்த மழைநாளுக்கு மறுநாள், தோற்றுப்போன என் ஒற்றை வரியை அடித்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் கோடு போட ஆரம்பித்தேன். விளக்கம் கடைசியில் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனாலும் முதல் வரைவைத் தமிழில் எழுதுவது என் வழக்கம். தமிழில் சொல்ல முடியாமல் தடுமாறுகிறேன் என்றால் விஷயம் எனக்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். என்னென்ன வீடுகள்? தொகை ஒன்று. அலகு ஒன்று, ரூபாயா பைசாவா. எந்த நாட்டு வழக்கம் என்பது ஒன்று. யார் கண்ணுக்குப் போகிறது என்பது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சுவர் வைத்தேன். தொகை பைசாவில், முழு எண்ணாக மட்டும். 1,25,000 ரூபாய் என்றால் 12500000 என்று வரவேண்டும். பின்னத்தோடு வாங்கினால் கணினியின் இரும எண்முறையில் 0.1-ம் 0.2-ம் கூட்டி 0.30000000000000004 என்று வந்து நிற்கும். பைசாவில் முழு எண்ணாக வாங்கினால் அந்த வால் முளைக்காது.

நாட்டு வழக்கத்துக்கு மென்பொருள் குழு தானாக ஒரு மதிப்பு வைத்திருந்தது. சொல்லாவிட்டால் இந்தியா என்று எடுத்துக்கொள்ளும். அதை எடுக்கச் சொல்லி வாதாடினேன். யூனிகோட் கூட்டமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் என்ற தரவுத் தொகுப்பில்தான் உலகத்து மொழிகளின் எண் வழக்கங்கள் எல்லாம் இருக்கின்றன. உலவிகள், கைபேசிகள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் கமா போடுகின்றன. அதில் தமிழுக்கே இரண்டு வழக்கம் உண்டு. இந்தியத் தமிழுக்கு 12,50,000. சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கு 1,250,000. இரண்டும் தமிழ்தான். கடைசி வீட்டுக்கு மூன்று பேர் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. அதற்கு மேலே வீடுகளின் அகலம்தான் வேறு. தமிழ் என்று மட்டும் தெரிந்துகொண்டு கமா போட முடியாது. எந்த ஊர்த் தமிழ் என்று கேட்டாக வேண்டும். ஆகவே அது கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டமானது.

மாதிரிக்கு எண் எப்படித் தெரிகிறது என்று அந்த வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன். எழுத்துகளை அது துண்டு துண்டாக வாங்கிக்கொள்கிறது. சில மாதிரிகளில் இலக்கங்களை இடது பக்கத்திலிருந்து மூன்று மூன்றாக வெட்டுகிறார்கள். 1250000 என்பது 125, 000, 0 என்று உள்ளே போகும். நாம் வலதிலிருந்து எண்ணி 12,50,000 என்கிறோம். வெள்ளைக்காரரும் வலதிலிருந்துதான் எண்ணி 1,250,000 என்கிறார். இதுவோ இடதிலிருந்து வெட்டிக்கொண்டு போய்க் கடைசியில் ஒற்றைப் பூஜ்யத்தைத் தனியாக விட்டுவிடுகிறது. சுவரில்லாத வீதியில் ஆட்களை நிறுத்திவைத்த மாதிரி. அஞ்சாம் வகுப்பில் செலான் எழுதிய பெண்ணின் ஞாபகம் வந்து, அதன்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. கமா போடுகிற வேலையை மாதிரியே செய்துகொள்ளட்டும் என்று விடாமல் தனியாக ஒரு டூல் வைப்பது அதனால்தான்.

சுருக்க வடிவத்தில் ஒரு சங்கடம் இருந்தது. பெரிய எண்ணைச் சின்ன இடத்தில் காட்ட அப்படி ஒரு வசதி உண்டு. பத்து லட்சத்தைக் கொடுத்து இந்தியத் தமிழில் சுருக்கச் சொன்னேன். நான் சோதித்த பதிப்பில் "1மி" என்று வந்தது. மி என்றால் மில்லியன். ஆயிரத்துக்கு ஆ, அதற்கடுத்து நேராக மி. நடுவில் லட்சம் இல்லை, கோடியும் இல்லை. லட்சமும் கோடியும் நாள் முழுக்கப் புழங்குகிற ஊரில், மூன்று தலைமுறையாகப் பேரேட்டில் எழுதிவந்த சொல்லுக்கு இடம் இல்லாமல் இருப்பதைப் பார்க்க எனக்கு வலித்தது. அந்தத் தரவில் திருத்தம் கேட்க வழி இருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் நாம்தான். அதுவரைக்கும் என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: இந்திய வாசகருக்குச் சுருக்க வடிவம் தரவேண்டாம், "10 லட்சம்" என முழுச்சொல்லாகத் தரவும்.

தமிழ் இலக்கங்களுக்கும் இப்படி ஒரு வரி தேவைப்பட்டது. அந்தத் தொகுப்பில் தமிழ் எண்களுக்கு இரண்டு முறை இருக்கிறது. ஒன்று பழைய முறை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி வைத்து 2500-ஐ ௨௲௫௱ என்று எழுதுவது. இன்னொன்று இட மதிப்பு முறை, ௨௫௦௦. தமிழ்ப் பூஜ்யமான ௦ யூனிகோடில் சேர்ந்தது 2005-இல்தான். இரண்டு முறைகளின் குறிப்பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒன்றில் கூடுதலாக மூன்று எழுத்து. ஏஜென்ட் மாற்றி எடுத்துவிடும். எது எதற்கு என்று உதாரணத்தோடு எழுதிவைத்தேன். நம் கடைத்தெருக்களில் இந்த இலக்கங்களை இன்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மொரீஷியஸ் பணத்தாளில் அவை இன்னும் இருக்கின்றன.

எழுத்தால் எழுதுவது என்றால் அப்பாவுக்கு ஒரு தனி முகம் வந்துவிடும். செக்கில் எண்ணை எழுதிவிட்டு, எழுத்தால் எழுதும் வரிக்கு வரும்போது பேனாவை ஒரு முறை உதறுவார். "எண்ணு பொய் சொல்லீரும் அம்மிணி, எழுத்து சொல்லாது" என்பார். அது அவர் நம்பிக்கை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 18-ஆவது பிரிவு அதையேதான் சொல்கிறது. எண்ணால் எழுதியதும் எழுத்தால் எழுதியதும் வேறுபட்டால் எழுத்தால் உள்ளதே தொகை.

எங்கள் டூலின் எழுத்து வடிவத்தைத் தமிழ் தெரியாத ஒரு இளைஞர் செய்திருந்தார். நல்ல உழைப்பாளி. அகராதியிலிருந்து சொற்களை எடுத்து வரிசையாக அடுக்கியிருந்தார். 9,99,999 கொடுத்தால் "ஒன்பது லட்சம் தொண்ணூறு ஒன்பது ஆயிரம் தொள்ளாயிரம் தொண்ணூறு ஒன்பது" என்று வந்தது. ஒவ்வொரு சொல்லும் சரி. ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, தமிழில் எண்கள் கைகோத்துக்கொண்டுதான் நடக்கும் என்று சொன்னேன். அடுத்து ஆள் வருகிறது என்றால் நூறு நூற்றாகும், ஆயிரம் ஆயிரத்தாகும், லட்சம் லட்சத்தாகும், கோடி கோடியேயாகும். ஆளில்லை என்றால் அப்படியே நின்றுவிடும். நூற்று என்று காதில் விழுந்ததுமே, எண் முடியவில்லை, இன்னும் வருகிறது என்று தெரிந்துவிடும். அப்பா கமாவுக்கு மேஜையைத் தட்டியது மாதிரி அந்த விகுதி. அதற்குப் பிறகு ஒன்பதின் கதை. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். தொண்ணூறுக்குள் நூறு இருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது, ஒவ்வொன்றும் அடுத்த வீட்டின் பெயரைச் சூடிக்கொண்டு இந்த வீட்டில் குடியிருக்கிறது. விதி வைத்துச் சொற்களைக் கட்டுகிற நிரல் இங்கே வந்து தடுக்கி விழும். அவர் வியந்துபோய் வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டார். நாலாம் நாள், "ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது" என்று டூல் சொன்னபோது அந்த வரியை நான் வாய்விட்டு வாசித்தேன். அடுத்த மேஜையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

ரூபாய்க்கு முழுமையாக்கும் இடத்தில் சட்டத்தை ஒட்டியே எழுதினேன். ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆவது பிரிவுப்படி 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிடலாம். பைத்தான் மொழியோ 2.5-ஐ முழுமையாக்கச் சொன்னால் 2 என்கிறது, இரட்டைப்படை பக்கமாகச் சாயும். எது எப்போது என்று விளக்கத்தில் ஒரு வரி போதும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. ஏஜென்ட் மூன்று பில் தொகைகளை டூலிடம் கொடுத்து அழகாக வடிவமைத்து வாங்கிக்கொண்டது. வாடிக்கையாளர் மொத்தம் கேட்டார். ஏஜென்ட் கையில் இருந்ததோ கமா போட்ட எழுத்துகள். "1,25,000" என்ற எழுத்துச் சரத்தை ஒரு சின்ன நிரலில் போட்டு எண்ணாக்கிக் கூட்டிவிட்டது. ஜாவாஸ்கிரிப்டில் அப்படி எண்ணாக்கும் பார்ஸ்ஃப்ளோட் என்ற செயற்கூறு இடதிலிருந்து படித்துக்கொண்டே வரும். எண்ணில்லாத ஓர் எழுத்து வந்ததும் நின்றுவிடும். முதல் கமாவில் நின்றது. ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாய் ஆனது. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. மூன்று பில்லும் சேர்ந்து மொத்தம் ஆறு ரூபாய் என்று மரியாதையான வாக்கியத்தில் பதில் போனது. சோதனைதான், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த ஆறு ரூபாயை என்னால் மறக்க முடியவில்லை. கண்ணுக்காகப் போட்ட சுவர் கணக்கின் காலைத் தடுக்கிவிட்டிருந்தது. டூல் தருவது பார்க்க மட்டும், அதைத் திரும்பவும் கணக்குக்கு எடுக்கக்கூடாது என்று நான் எங்குமே எழுதவில்லை. எனக்கு அது தெரிந்த விஷயம், ஆகவே எழுதத் தோன்றவில்லை. ஒரு கையேட்டில் ஆபத்தான இடம், எழுதுகிறவருக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்த இடம்தான்.

இன்னொரு சோதனையில், பதிவே கிடைக்காத ஒரு வாடிக்கையாளருக்கு "பாக்கி ₹0" என்று காட்டியது. தொகை காலியாக வந்தால் டூல் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. வீடு காலியாக இருப்பதும் வீடே இல்லாததும் ஒன்றா? அதையும் மாற்றச் சொன்னேன். தொகை இல்லையென்றால் டூல் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

அதைச் சொல்லும் விதத்திலும் நிறைய நேரம் போனது. பழைய பிழைச் செய்தி "தவறான உள்ளீடு" என்பதோடு முடிந்திருந்தது. ஏஜென்ட் அதைப் படித்துவிட்டு அதே தவறை நாலு தடவை செய்தது. மண்டியில் எடுபிடி வேலைக்கு ஒரு பையன் இருந்தான். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவன். சிட்டையைத் தப்பான ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தால் முதலாளி "முட்டாள்" என்பார், அவன் அங்கேயே நிற்பான். அப்பா, "கறுப்புச் சால்வ போட்டவரு வடக்கு ஓரத்துல நிக்கறாரு பாரு, அவருகிட்டக் குடுத்துட்டு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா சாமி" என்பார். அவன் ஓடுவான். ஆகவே செய்தி இப்படியானது: தொகை எண்ணாக வரவேண்டும், "1,25,000" எழுத்தாக வந்திருக்கிறது, இது ரூபாய் என்றால் பைசாவாக்கி 12500000 என அனுப்பவும். அதற்குப் பிறகு ஏஜென்ட் ஒரே தடவையில் திருத்திக்கொண்டது.

ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு வராத ஒரு யோசனை எனக்கு வந்தது. தமிழ் வரைவில் ஏஜென்ட்டை எப்படிக் கூப்பிடுவது? கொடுக்காதே என்பதா, கொடுக்காதீர்கள் என்பதா? நீ என்றால் மண்டிப் பையனை அதட்டுகிற மாதிரி இருக்கிறது. நீங்கள் என்றால் கைகட்டி நிற்கிற மாதிரி இருக்கிறது. கடைசியில் அப்பாவின் கடிதங்களில் இருந்த "வும்" வந்து காப்பாற்றியது. விரலி மூட்டை 40 அனுப்பவும். லாரி எண் தெரிவிக்கவும். அதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. வேலை மட்டும் இருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் ஈரோடு போயிருந்தேன். அப்பாவுக்கு எண்பத்து நாலு. கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். திண்ணையில் உட்கார்ந்து வரைவை முழுக்க வாசித்துக் காட்டினேன். ஏஜென்ட் என்றால் என்னவென்று, எழுத்தைப் படித்து வேலை செய்யும் ஒரு குமாஸ்தா என்கிற அளவுக்குச் சொல்லியிருந்தேன். கண்ணை மூடிக் கேட்டார். பைசாவில் முழு எண் என்ற இடத்தில் தலையாட்டினார். "மி"க்கு ஒன்றும் சொல்லவில்லை, உதட்டை மட்டும் சுழித்தார். முடித்ததும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போய்விட்டாள்.

"எல்லாஞ் செரிதான் அம்மிணி. அதுக்கு ஒரு சந்தேகம் வந்தா திருப்பிக் கேக்குமா?"

"கேக்காதுங்கப்பா. அதா ஒண்ண நெனச்சுக்கிட்டு செஞ்சுரும்."

"அப்பக் கேக்கச் சொல்லி எழுது."

அவ்வளவுதான். பேச்சு வேறெங்கோ போனது. பேருந்தில் கோயம்புத்தூர் திரும்பும்போது, பெருந்துறை தாண்டியதும் நோட்டை எடுத்து எழுதினேன்: தொகை ரூபாயிலா பைசாவிலா என்பது உரையாடலில் தெளிவாக இல்லையென்றால் இந்த டூலை அழைக்க வேண்டாம். முதலில் பயனரிடம் கேட்கவும். நாடு தெரியாவிட்டாலும் அப்படியே செய்யவும். இந்த எண் தொகையா, பெயரா என்று சந்தேகம் இருந்தால் கமா போடாமல் விடவும்.

திங்கட்கிழமை சோதனையில் வேண்டுமென்றே "4500 பாக்கி இருக்கிறது" என்று மட்டும் சொல்லிப் பார்த்தோம். திரையில் ஒரு வரி வந்தது. "4500 என்பது ரூபாயா, பைசாவா என்று உறுதிப்படுத்த முடியுமா?" அந்த இளைஞர் கைதட்டினார். நான் என் மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு வேறொரு ராத்திரி ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

விரல் கட்டுப் பிரித்து ஒரு மாதம் இருக்கும். அப்பா சாப்பிட உட்கார்ந்தவர், சட்டைப் பையிலிருந்து அன்றைய எடைச் சிட்டையை எடுத்துப் பார்த்தார். மூட்டைக் கணக்கில் ஓர் இலக்கம் மங்கலாக இருந்தது. பதினொன்றா, பதினேழா? அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏழாத்தான் இருக்கும். சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றார். அப்பாவுக்கும் ஏழு என்றுதான் பட்டது போலிருக்கிறது. ஆனால் எழுந்துவிட்டார். "இருக்கும்னெல்லாம் பேரேட்டுல எழுத முடியாது."

வீரப்பன்சத்திரத்திலிருந்து கருங்கல்பாளையத்துக்கு சைக்கிளில் போனோம். எடை போடுபவர் வீடு அங்கே, காவிரிக் கரையை ஒட்டி. நான் கேரியரில். பின்சக்கரத்தில் உரசும் டைனமோவின் உறுமல் என் காலுக்குக் கீழே கேட்டுக்கொண்டே வந்தது. அவர் வீட்டுத் தெருவில் கரண்ட் இல்லை. கதவைத் தட்டியதும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பதறி வெளியே வந்தார். "என்னங்க, இந்நேரத்துல?" அப்பா சிட்டையை நீட்டினார். இருட்டில் எதுவும் தெரியவில்லை. சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார் அப்பா.

"அம்மிணி, பெடலச் சுத்து."

குனிந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் சுற்றினேன். பின்சக்கரம் சுழல, டைனமோ உறும, முன்விளக்கு மஞ்சளாக எரிந்தது. இரண்டு பேரும் அந்த வெளிச்சத்தில் தலையை முட்டிக்கொள்கிற மாதிரி குனிந்து பார்த்தார்கள்.

"ஏழுங்க. மேல இழுக்கற கோடு அழுந்தாமப் போச்சுங்க."

கை வலித்து நிறுத்தினேன். விளக்கு அணைந்தது. இருட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நிறுத்தாத அம்மிணி. இன்னும் எழுதலீல்ல."

மறுபடியும் சுற்ற ஆரம்பித்தேன்.